டிரா போடும் மேசை

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மல்யுத்தம் ஒரு குளிர்கால விளையாட்டு. நவம்பர் வாக்கில் தொடங்கி, பிப்ரவரி அல்லது மார்ச்சில் மாநிலப் போட்டியோடு முடியும். இடைப்பட்ட சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு பள்ளியின் கூடைப்பந்து அரங்கில், மேட் எனப்படும் வட்டமிட்ட விரிப்புகளை நான்கைந்து பரப்பி வைப்பார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பிள்ளைகளை வரவழைத்து, காலையில் எடை பார்த்து, இரவுக்குள் இறுதி ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். பார்வையாளருக்குத் தெரிவது விரிப்பின் மேல் நடக்கும் ஆறு நிமிடம்தான். இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்று. எதிராளியின் இரு தோள்பட்டைகளையும் இரண்டு விநாடி விரிப்போடு அழுத்திப் பிடித்துவிட்டால் ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

ஒரு பயிற்றுநரின் கண்ணுக்குப் போட்டி இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. யார் எந்த எடைப்பிரிவில் வருகிறார், முதல் சுற்றில் யாரை யார் சந்திக்கிறார், யாருக்கு ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் 'பை' கிடைக்கிறது, இரண்டு ஆட்டங்களுக்கு இடையே மூச்சுவிட எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஒரு மேசையைச் சுற்றி முடிவாகின்றன. பலசாலிகள் இருவர் முதல் சுற்றிலேயே மோதிக்கொள்ளாதபடி அவர்களை அட்டவணையின் இரு முனைகளில் வைப்பதற்குச் சீடிங் என்று பெயர். அதற்காகப் பயிற்றுநர்கள் கூடி உட்கார்ந்து வாதாடுவார்கள். என் மாணவன் உன் மாணவனைப் போன மாதம் வென்றான், சென்ற ஆண்டு மாநில அளவில் இடம் பிடித்தான், இருவருக்கும் பொதுவான எதிராளியை இவன் எளிதாக வீழ்த்தினான் என்று கணக்கு நீளும். தோற்றவர் உடனே வீட்டுக்குப் போவதில்லை. கீழ் அட்டவணையில் தொடர்ந்து வென்றால் மூன்றாம் இடம் வரை ஏறிவரலாம். எனவே டிராவில் ஒரு கோடு மாறினால் ஒரு பிள்ளையின் நாள் முழுதும் மாறிவிடும்.

அந்த மேசையில் விரித்த தாளில் பெண் பிள்ளைகளின் பெயர் எப்போது ஏறியது, யாருடைய தேவைக்காக ஏறியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தமிழ் படித்தவளுக்கு மற்போர் என்றதும் நினைவுக்கு வருபவர் நக்கண்ணையார். ஆமூர் மல்லனோடு பொருத போரவைக் கோப்பெருநற்கிள்ளியை நினைந்து அவர் பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் உள்ளன (83, 84, 85). களத்தில் இருப்பவன் அவன். வெளியே நின்று பார்த்துப் பாடுபவள் அவள். அமெரிக்கப் பள்ளி அரங்கிலும் பெண்ணுக்கு வெகுகாலம் கொடுக்கப்பட்ட இடம் விரிப்புக்கு வெளியேதான். புள்ளி எழுதவும், விரிப்பைத் துடைக்கவும், கடிகாரம் பார்க்கவும், கைதட்டவும் மாணவியரைத் திரட்டி அவர்களுக்கு 'மேட் மெய்ட்ஸ்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். விரிப்பின் பணிப்பெண்கள் என்று பொருள். ஆட்டத்தின் விதி அத்தனையும் தெரிந்த அந்தப் பெண்கள் ஆட முடியாது, அவ்வளவுதான்.

1972-இல் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்றது அது. ஆனால் 1975-இல் அதற்கு எழுதப்பட்ட விதிமுறைகளில் ஒரு வாசல் மூடப்பட்டது. உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளில் ஆண்கள் அணியில் பெண்களைச் சேர்த்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சொல்லி, குத்துச்சண்டை, ரக்பி, ஐஸ் ஹாக்கி, அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றோடு மல்யுத்தத்தையும் அந்தப் பட்டியலில் வைத்தார்கள். பெண்களுக்குத் தனி அணி எந்தப் பள்ளியிலும் இல்லாத காலம் அது. ஆகவே ஆட விரும்பியவள் சட்டத்தின் துணையில்லாமல் ஆண்கள் அணியின் கதவைத் தட்டவேண்டியிருந்தது.

தட்டினார்கள். 1988-இல் நெப்ராஸ்காவிலும் 1996-இல் கான்சாஸிலும் பள்ளி மாணவியர் இருவர் நீதிமன்றம் போய், ஆண்கள் அணியில் ஆடும் உத்தரவைப் பெற்றார்கள். கான்சாஸ் வழக்கில் பள்ளித் தரப்பு சொன்ன காரணங்கள் நமக்கும் பழக்கமானவை: பாதுகாப்பு, பாலியல் தொல்லைப் புகார் வருமோ என்ற பயம், பெற்றோரின் ஒழுக்க உணர்வு, பள்ளியில் குழப்பம். பெண்ணை வெளியே நிறுத்த இவை போதாது என்றது நீதிமன்றம். இரண்டு தீர்ப்புகளுக்கும் அடித்தளம் அரசியல் சாசனத்தின் சமத்துவப் பிரிவு. டைட்டில் நைன் இவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

நீதிமன்றம் திறந்த கதவைவிடப் பெரிய கதவு ஒன்று பயிற்றுநரின் கணக்கில் இருந்தது. இரு பள்ளிகள் மோதும் ஆட்டத்தில் ஓர் எடைப்பிரிவில் ஆள் இல்லையென்றால், எதிரணிக்கு ஆடாமலே ஆறு புள்ளி போய்விடும். தோள்களை அழுத்தி வென்றால் எவ்வளவோ, வாக்-ஓவருக்கும் அவ்வளவே. மிகக் குறைந்த எடைப்பிரிவு அப்போது 103 பவுண்டு, ஏறக்குறைய 47 கிலோ. அந்த எடையில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் கிடைப்பது கடினம். அந்த வெற்றிடத்தில்தான் பல பள்ளிகளில் முதல் பெண் வந்து நின்றாள். அவளைச் சேர்த்துக்கொண்ட பயிற்றுநர்களில் சமத்துவத்தை நம்பியவர்கள் உண்டு. ஆறு புள்ளியை மட்டும் பார்த்தவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே மனிதரிடம் பார்க்கலாம்.

நிரப்பி வைக்கப்பட்ட அந்த இடத்தில் அவர்கள் சும்மா நிற்கவில்லை. 2006-இல் அலாஸ்காவின் 103 பவுண்டு இறுதி ஆட்டத்தில் மிக்கேலா ஹட்சின்சன் ஒரு பையனை 1-0 என்று வென்றார். ஆண்களோடு மோதி மாநிலப் பட்டம் வென்ற முதல் பெண் அவர்.

இதற்கு நேர் எதிரான வெற்றி ஒன்று ஐயோவாவில் நடந்தது. அமெரிக்க மல்யுத்தத்தின் தாய்வீடு என்று சொல்லத்தக்க மாநிலம் அது. 2011 பிப்ரவரியில் ஐயோவா மாநிலப் போட்டிக்கு வரலாற்றில் முதன்முறையாக இரு மாணவியர் தகுதி பெற்றார்கள். அவர்களில் ஒருத்திக்கு 112 பவுண்டுப் பிரிவின் முதல் சுற்றில் எதிராளியாக வந்த மாணவன், பட்டம் வெல்லக்கூடியவர்களில் ஒருவன். பெண்ணோடு மோதுவது தன் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று அவன் ஆடாமல் விலகிக்கொண்டான். நடுவர் அவள் கையை உயர்த்தினார். ஐயோவா மாநிலப் போட்டியில் வென்ற முதல் பெண் என்று பதிவானது. ஆனால் அவள் ஒரு பிடிகூடப் பிடிக்கவில்லை.

அந்தப் பையனின் கண்ணியத்தை அன்று பலர் பாராட்டினார்கள். பயிற்றுநரின் இடத்திலிருந்து அந்த வெற்றியைப் பார்க்கவேண்டும். வாக்-ஓவர் ஆட்டத்தில் ஒரு பிள்ளை எதையும் கற்பதில்லை. ஆறு நிமிடம் பலசாலியிடம் அகப்பட்டுத் தோற்றால்கூட அடுத்த சனிக்கிழமைக்கு ஏதோ ஒன்று கையில் இருக்கும். மரியாதை என்ற பெயரில் ஆட்டத்தைக் கொடுக்காமல் போவது, அவள் அத்தனை மாதம் செய்த உழைப்பைக் கணக்கில் எடுக்க மறுப்பது. ஆண்களின் டிராவில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும்வரை இந்த மறுப்பு எந்தச் சுற்றிலும் வரலாம். அவளுக்கென்று ஒரு டிரா வேண்டும் என்ற கோரிக்கை வலுத்ததற்கு இது ஒரு காரணம்.

பெண்களுக்கென்று தனி மாநிலப் போட்டியை முதலில் நடத்தியது ஹவாய், 1998-இல். அடுத்த ஆண்டு டெக்சாஸ். கலிபோர்னியாவின் முதல் அதிகாரபூர்வப் போட்டி 2011-இல்தான். ஹவாயின் அந்த முதல் போட்டியில் பட்டம் வென்றவர்களில் ஒருவர் கிளாரிசா சன் என்ற மாணவி. பத்தாண்டு கழித்து, 2008-இல் அவர் உலகச் சாம்பியன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2021-இல் ஐயோவா பல்கலைக்கழகம் பெண்கள் மல்யுத்த அணி தொடங்கியபோது அதன் முதல் தலைமைப் பயிற்றுநர். தனி டிரா ஒன்று போடப்பட்டதால் விளைந்தது என்ன என்று கேட்பவர்களுக்கு இவர் வாழ்க்கையைக் காட்டலாம். டிராவில் ஏறிய மாணவி, டிரா போடும் மேசைக்கு வந்து சேர இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

இந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் பயிற்றுநர் சமூகம் எங்கே நின்றது? 2002-இல் தேசிய மல்யுத்தப் பயிற்றுநர்கள் சங்கம் மத்தியக் கல்வித்துறை மீது வழக்குத் தொடுத்தது. டைட்டில் நைனை அரசு நடைமுறைப்படுத்தும் விதத்தால் கல்லூரிகள் ஆண்கள் மல்யுத்த அணிகளைக் கலைக்கின்றன என்பது அவர்கள் புகார். அணிகள் கலைக்கப்பட்டது உண்மை. ஆனால் பெரும் ஆட்பலமும் பெரும் செலவும் கொண்ட அமெரிக்கக் கால்பந்தைக் கல்லூரிகள் தொடவில்லை. சிறிய அணியைப் பலிகொடுத்துவிட்டுப் பழியைப் பெண்கள் மேல் போட்டன. பயிற்றுநர்களும் அந்தப் பக்கமே விரல் நீட்டினார்கள். 2003-இல் வழக்கு தள்ளுபடியானது.

பிறகு காற்று திரும்பியது. கல்லூரியில் அணி குறைந்தால் பள்ளியில் ஆர்வம் குறையும். சிறிய பள்ளிகளில் பதினான்கு எடைப்பிரிவையும் நிரப்ப ஆள் போதவில்லை. 2013 பிப்ரவரியில் இன்னும் பெரிய அடி விழுந்தது. மல்யுத்தத்தையே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிர்வாகக் குழு பரிந்துரைத்தது. செப்டம்பரில் அந்த இடத்தை மீட்டுக்கொள்வதற்குள் சர்வதேசக் கூட்டமைப்பு செய்த மாற்றங்களில் ஒன்று, பெண்களின் எடைப்பிரிவை நான்கிலிருந்து ஆறாக்கியது. அதுவரை ஆண்களுக்குப் பதினான்கு, பெண்களுக்கு நான்கு. அதன் பலன் 2016 ரியோவில் தெரிந்தது. அமெரிக்காவின் முதல் பெண்கள் மல்யுத்தத் தங்கம் ஹெலன் மரூலிஸ் வென்றது, 53 கிலோ பிரிவில். இந்தியப் பெண் ஒருவர் மல்யுத்தத்தில் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் சாக்‌ஷி மாலிக்கின் வெண்கலம், 58 கிலோ பிரிவில். இந்த இரண்டு பிரிவுகளுமே 2012-இல் கிடையாது. மேசையில் ஒரு கோடு கூடுதலாக வரைந்ததால் இரு நாடுகளின் விளையாட்டு வரலாறு மாறியது.

வீடு தீப்பற்றியபோதுதான் பெண்களுக்குக் கதவு திறந்தார்கள் என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஐயோவா சொல்கிறது. அந்த மாநிலத்தில் மாணவியர் விளையாட்டை நடத்துவதற்கென்றே தனிச் சங்கம் 1925 முதல் உண்டு. ஆயினும் மல்யுத்தத்தை அது அங்கீகரித்திருக்கவில்லை. அங்கீகாரத்துக்குக் காத்திராமல் 2019 ஜனவரியில் ஐயோவா மல்யுத்தப் பயிற்றுநர்கள், நடுவர்கள் சங்கம் வேவர்லி என்ற சிற்றூரின் பள்ளியில் மாணவியருக்கான மாநிலப் போட்டியைத் தானே நடத்தியது. 87 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை பல மடங்கானது. 2022-இல் மாணவியர் சங்கம் அங்கீகரித்தது. 2023 பிப்ரவரியில் முதல் அதிகாரபூர்வப் போட்டி நடந்தது.

87 பேரை வைத்துப் போட்டி நடத்துவது என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்கவேண்டும். ஒரு பிரிவில் பத்துப் பேர் இருப்பார்கள், இன்னொன்றில் இரண்டே பேர். ஆள் குறைந்தால் பக்கத்துப் பிரிவுகளைச் சேர்க்கவேண்டும், நாக்-அவுட்டை விட்டுவிட்டு எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக் முறைக்கு மாறவேண்டும். எடை பார்க்கப் பெண் அலுவலர் வேண்டும். தோல்நோய் இருக்கிறதா என்று சோதிக்க மறைவிடம் வேண்டும். பல அரங்குகளில் உடைமாற்றும் அறை ஆண் மல்லர்களை மட்டும் மனதில் வைத்து ஒதுக்கப்பட்டிருந்தது. இவை சின்ன விஷயங்கள் போலத் தோன்றும். ஒரு பதினைந்து வயதுப் பெண் அடுத்த சனிக்கிழமை வருவாளா என்பதை முடிவு செய்வது இவைதான்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் மல்யுத்தம் ஆடிய மாணவியர் நாடு முழுதும் நூற்றுச் சொச்சம். 2022-23-இல் 50,016. அடுத்த ஆண்டு 64,257. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவர்களுக்குத் தனிப் போட்டி நடத்துகின்றன. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 2025 ஜனவரியில் பெண்கள் மல்யுத்தத்தைத் தன் 91-ஆவது சாம்பியன்ஷிப்பாக ஏற்று, 2026-இலிருந்து நடத்துவதாக முடிவு செய்தது.

ஆனாலும் மாணவியருக்கென்று தேசிய அளவில் எடைப்பிரிவுகள் எழுதப்பட்டது 2023-24 பருவத்தில்தான். அதற்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. பல இடங்களில் பையன்களின் அட்டவணையே அளவுகோல். பதினான்கு பிரிவு கொண்ட இன்றைய அட்டவணையில் பையன்களுக்கு 106-இலிருந்து 285 பவுண்டு வரை. பெண்களுக்கு 100-இலிருந்து 235 வரை. பெண்களில் 100 முதல் 145 வரை ஐந்தைந்து பவுண்டு இடைவெளியில் பத்துப் பிரிவுகள். பெரும்பாலான மாணவியர் எந்த எடையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தபிறகே இப்படி ஓர் அட்டவணை போடமுடியும். எண்ணுவதற்கு முதலில் அவர்கள் அங்கே இருக்கவேண்டும்.

எடை என்ற சொல்லுக்குப் பின்னால் உயிர்களும் உண்டு. 1997 நவம்பர், டிசம்பரில் 33 நாட்களுக்குள் மூன்று கல்லூரி மாணவர்கள், எடை குறைக்க நீர் அருந்தாமல் வியர்த்து உழைத்து, இறந்துபோனார்கள். அதற்குப் பின் கல்லூரிகளில் விதி இறுகியது, பள்ளிகளுக்கும் வந்தது. பருவத் தொடக்கத்தில் உடல் கொழுப்பை அளந்து, பையனுக்கு 7 விழுக்காடு, பெண்ணுக்கு 12 விழுக்காடு என்ற வரம்புக்குக் கீழே போகாதபடி ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடை குறிக்கிறார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக்கூடாது. தொடர்ந்து இரண்டாம் நாளும் போட்டி இருந்தால் ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் சலுகை உண்டு.

இந்தக் கடைசி விதியைப் படித்தபோது எனக்கு வினேஷ் போகத் நினைவுக்கு வந்தார். 2024 ஆகஸ்ட் பாரிஸில் முதல் நாள் மூன்று ஆட்டங்களையும் வென்று இறுதிக்குப் போனவர், மறுநாள் காலை 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதியிழந்தார். அமெரிக்கப் பள்ளிப் போட்டியில் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகை அங்கே இல்லை. எது சரி என்று வாதிடலாம். இரண்டுமே யாரோ உட்கார்ந்து எழுதிய விதிகள் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

மேசையில் எழுதப்படும் கோடு சிலரை வெளியே தள்ளவும் செய்கிறது. டெக்சாஸில் மேக் பெக்ஸ் என்ற திருநம்பி மாணவர், ஆண்களோடு மோதவே விரும்பினார். பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலே செல்லும் என்ற விதி அவரைப் பெண்கள் டிராவில் நிறுத்தியது. 2017, 2018 இரண்டு ஆண்டும் அவரே பட்டம் வென்றார். அரங்கில் கைதட்டலோடு கூச்சலும் எழுந்தது. அவரோடு மோதிய பெண்களுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, அவருக்கும் கிடைக்கவில்லை. இருவருக்கும் அந்தக் கோட்டைப் போட்டவர்கள் விரிப்பின் மேல் இல்லை. 2018 டிசம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு கறுப்பின மாணவனிடம், சடையை வெட்டிக்கொள் அல்லது தோற்றதாக எழுதிவிடுவேன் என்றார் வெள்ளையின நடுவர். விரிப்பின் ஓரத்திலேயே சடை வெட்டப்பட்டது. முடியின் நீளம் பற்றிய தேசியக் கட்டுப்பாடு பின்னர் நீக்கப்பட்டது. நீண்ட கூந்தலோடு ஆட வரும் மாணவியருக்கும் அந்த மாற்றம் உதவியது.

பெண்கள் எண்ணிக்கை பெருகிவிட்டதால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ண இடமில்லை. மாணவியருக்குப் பயிற்சி தருபவர்களில் இன்றும் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களில் நல்லவர்கள் பலர். வேவர்லியில் விரிப்பைப் பரப்பியவர்களும் அவர்கள்தான். ஆனால் மாதவிடாய் தள்ளிப்போனதை, எடைக்காகச் சாப்பாட்டைத் தவிர்ப்பதை, எல்லை மீறிய ஒரு கையை ஒரு மாணவி யாரிடம் சொல்வாள் என்பது நல்லவர்களின் எண்ணிக்கையால் தீரும் கேள்வி இல்லை. 2023-இல் புது தில்லி ஜந்தர் மந்தரில் நம் மல்யுத்த வீராங்கனைகள் உட்கார்ந்தபோது கேட்டதும் இதையே: புகாரை விசாரிக்கும் மேசையில் யார் இருக்கிறார்கள்?

கிளாரிசா சன்னைப் போல விரிப்பிலிருந்து மேசைக்கு வந்தவர்கள் இன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறார்கள். ஹவாயிலும் டெக்சாஸிலும் முதல் டிராக்களில் ஆடிய மாணவியருக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். சீடிங் கூட்டத்தில் "என் மாணவி போன மாதம் உன் மாணவியை வென்றாள்" என்று வாதாட அவர்களுக்கு உரிமையும் அனுபவமும் உண்டு. இன்னும் பல பள்ளிகளில் அந்த நாற்காலி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.